ஆம்பூரில் ஒரு ஜோடிக் கேமரா உறை

காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி மூச்சு வாங்குவதற்குள் ஒரு புதுமணத் தம்பதி என்னை மடக்கினார்கள். பெண்ணின் கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. "சார், கழுத்துல கேமரா மாட்டியிருக்கீங்க, நல்லா எடுப்பீங்க. ஒரே ஒரு போட்டோ சார்" என்று மாப்பிள்ளை கைப்பேசியை நீட்டினான். என் இடது கை பெட்டியைப் பிடித்திருந்தது. பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். கைப்பேசி விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. தண்டவாளத்தில் விழாமல் அவனே பாய்ந்து பிடித்தான். "எனக்கு வராதுங்க" என்றேன். அவர்கள் சமோசா விற்பவரிடம் போனார்கள். அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு நன்றாகவே எடுத்துக் கொடுத்தார்.

நான் மலேசியாவில், கிள்ளானில், முப்பத்திரண்டு வருடம் கல்யாணப் படம் எடுத்தவன். போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாய் கோணி, வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. கையும் முக்கால்வாசி திரும்பியது. ஆள்காட்டி விரல் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. கேமராக்காரனுக்கு மற்ற ஒன்பது விரலும் சும்மா துணைக்கு வருகிறவைதான்.

வேலூரில் கைக்கென்றே தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வாரத்துக்கு வந்திருந்தேன். வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னிடம் பதினைந்து வருடம் உதவியாளனாக இருந்த வேலுதான் இப்போது என் ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்கிறான். கிளம்பும் முன், "அண்ணே, ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. சாவிய என்கிட்டயே குடுத்துடுறீங்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மனிதரை நிற்கவைத்து, கேமராவைக் கையில் பிடித்து, நானே பொத்தானை அழுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். முடிந்தால் சாவி என்னுடையது. முடியாவிட்டால் அவனுடையது.

அதற்காகத்தான் கழுத்தில் கிடந்த இந்தப் புதுக் கேமரா. ஆற்காட்டு ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நோயாளிகளும் அவர்களுடைய உறவுக்காரர்களும் தங்கும் விடுதியில் அறை கிடைத்தது. கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பரப்பினேன். உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' ரகம். மேலே கூம்பு கிடையாது, சோப்புக்கட்டி மாதிரி தட்டை. என் பழைய கேமராவில் பாதி எடைகூட இல்லை. கையில் எடுத்ததும் 'இதென்ன விளையாட்டுச் சாமானா' என்றுதான் தோன்றியது. கூடவே நசுங்கிய இட்லி போல ஒரு சின்ன லென்ஸ், தூரத்துக்கு ஒரு நீள லென்ஸ், அதற்கு வெயில் மறைக்கும் மூடி, மணிக்கட்டில் மாட்டும் கயிறு, இரண்டு பேட்டரி. பொத்தான்மேல் ஒட்டும் சிவப்புப் பொட்டு ஒன்றும் வாங்கியிருந்தேன். அது இருந்தால் லேசாகத் தொட்டாலே போதும் என்று கடைக்காரர் சொன்னார். லேசாகத் தொடுவதற்கும் ஒரு விரல் வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பார்க்கும் துளையில் கண்ணை வைத்தேன். பழைய கேமராவில் தெரிவது எதிரே இருக்கும் உலகம். இதில் தெரிவது அதே உலகத்தை ஒளிபரப்பும் குட்டித் தொலைக்காட்சி. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் மங்கிய அறையைக்கூட வெளிச்சமாகக் காட்டுகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிரே ஒரு முகம் வந்தால் சின்ன மஞ்சள் சதுரம் ஒன்று தானாகவே ஓடிப்போய் அதன் கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. சதுரம் கட்டிலில் தேடியது, அலமாரியில் தேடியது, கடைசியில் சுவர்க் காலண்டரில் இருந்த பவுடர் விளம்பரக் குழந்தையின் கண்ணைக் கண்டுபிடித்தது. நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பயிற்சி. களிமண் உருண்டையை அழுத்தச் சொன்னார்கள், துணி மாட்டும் கிளிப்பைத் திறக்கச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்த பெண், பெயர் ஷீபா, கேமராவை வாங்கிப் பார்த்தாள். "பட்டன் ஏன் சார் ரைட்ல மட்டும் இருக்கு?" என்று கேட்டாள். உலகத்தில் எல்லாக் கேமராவுக்கும் அப்படித்தான். இடது கைக்காரனுக்குக் கத்தரிக்கோல் செய்திருக்கிறார்கள், கேமரா செய்யவில்லை. முக்காலியில் நிறுத்தி ரிமோட்டில் எடுக்கலாமே என்றாள். எடுக்கலாம். ஆனால் கல்யாணம் ஓரிடத்தில் நிற்காது. தாலி கட்டும்போது அப்பா எந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைப்பார் என்று முக்காலிக்குத் தெரியாது.

"அப்போ ஆம்பூர் போங்க சார். ஷூ சாம்பிள் போடற ஆளுங்க இருப்பாங்க. கேமராவ கையோட சேத்துக் கட்ற மாதிரி தோல்ல ஒரு உறை தச்சுக் குடுப்பாங்க. புடி கெட்டியா இருந்தா வெரலுக்கு வேல கம்மி" என்று யோசனை சொன்னாள். எனக்கும் சரி என்று பட்டது.

மதியம் விடுதிக்குக் கீழே உள்ள மெஸ்ஸில் சாப்பிட்டேன். இடது கையில் கரண்டி. கிள்ளானில் சீனர் கடை, மலாய்க்காரர் கடை என்று எங்கே போனாலும் கரண்டியும் முள்கரண்டியும்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே எதிர் மேசைக்காரர் என் இடது கையைப் பார்த்தார், பிறகு நாகரிகமாக ரசத்தைப் பார்த்தார். பக்கத்து மேசையில் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்த கணவன் மனைவி. தலையில் கட்டுப் போட்டிருந்த கணவரிடம் அந்தம்மாள் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். அந்த பாஷை பழகிப்போன விடுதி மேலாளரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "வூட்டுக்குப் போனதும் மொதல்ல மீன் கொழம்புதான், அதுவரைக்கும் இந்த சாம்பார பொறுத்துக்கோன்னு சொல்றாங்க" என்றார். என் மனைவி மல்லிகா போய் நாலு வருடம் ஆகிறது. கல்யாண மண்டபங்களில் என் இடது பக்கத்தில் ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்து நின்றவள் அவள்தான். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் போனதும் என்ன சாப்பிடுவது என்று யாரிடம் சொல்வது? சாம்பார் உண்மையிலேயே சுமார்தான்.

புதன்கிழமை ஆம்பூர் போன கதை தனி. "ஆம்பூர் போகுமா?" என்று கேட்டுத்தான் பஸ்ஸில் ஏறினேன். போகும் என்றார் கண்டக்டர். ஊருக்குள் போகுமா என்று கேட்டிருக்க வேண்டுமாம். நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு பெங்களூரைப் பார்த்துப் பறந்துவிட்டது. வெயிலில் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிள்ளானில் தப்பான இடத்தில் இறங்கினால் யாருக்காவது போன் செய்து திட்டு வாங்கலாம். இங்கே திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

அரை மணி நேரம் கழித்து ஓர் ஆட்டோ வந்தது. சாதிக் என்று பெயர் சொன்ன ஓட்டுநர், "பைபாஸ்ல எறக்கிட்டானா? டெய்லி இதே பேஜாரு சார்" என்று சிரித்தார். கேமரா உறை விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நம்ம தோஸ்த் ஒருத்தன் இருக்கான், முனிரத்தினம். பெரிய கம்பெனிங்களுக்கு ஷூவோட மேல்பாகம் போட்டுக் குடுக்கறான். அவன் கைல வெட்டாத தோலே இல்ல" என்றார். வழியில் எனக்குப் பசி என்று தெரிந்து பிரியாணிக் கடையில் நிறுத்தினார். கத்தரிக்காய்த் தொக்கோடு வந்தது. நல்ல பிரியாணி. ஆனால் பிரியாணி கூட்டத்தோடு சாப்பிட வேண்டிய சமாச்சாரம். சாதிக் தனக்கு வேண்டாம் என்று சொல்லி வெளியே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறை ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் இருந்தது. ஐந்து தையல் மெஷின்கள், ஒரு நீள மேசை, தோலும் பசையும் கலந்த வாசனை. முனிரத்தினத்துக்கு என் வயதுதான் இருக்கும். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு சைஸ் இன்னா சார், ஏழா எட்டா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். பிறகு ஒரு காரியம் செய்தார் பாருங்கள், எனக்கு உயிரே போய்விட்டது. காகித டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கேமரா முழுக்க ஒட்டினார். முன்பக்கம், அடிப்பக்கம், பிடி, ஒன்றையும் விடவில்லை. "பயப்படாதீங்க சார், ஷூ தைக்கற கால் மாதிரி கட்டைக்கும் இப்டித்தான். பசை ஒட்டாது" என்றார். டேப்பின் மேலேயே பேனாவால் கோடு போட்டு, முழுவதையும் ஒரே சட்டையாக உரித்து, அட்டைமேல் தட்டையாகப் படியவைத்தார். என் கேமரா தரையில் விரித்த வேட்டி மாதிரி கிடந்தது.

என்ன வேண்டும் என்று விளக்கினேன். அடியையும் முன்பக்கத்தையும் மட்டும் மூடும் பாதி உறை. லென்ஸுக்கு அரைவட்டம். பிடிக்குக் கீழே பேட்டரி மாற்ற ஒரு சதுர ஓட்டை. புறங்கையைச் சேர்த்து இறுக்கும் ஒரு பட்டை. "ரைட் கைக்குத்தானே?" என்று கேட்டார். "ரைட் கைக்குத்தான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மெஷினில் இருந்த கஸ்தூரி என்ற பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அளவு டேப். "அந்தக் கை ஒத்துழைக்குமா சார்?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே ஓர் இரும்பு அடுக்கில் ஒற்றை ஒற்றையாகத் தோல் மேல்பாகங்கள் கிடந்தன. ஒன்றில் பழுது வந்தால் அதைக் கழித்துவிடுவார்களாம். அதன் ஜோடி, புதிதாக இன்னொன்று தைத்து வரும்வரை அந்த அடுக்கில் காத்திருக்கும். "செலதுக்கு அதே கலர் தோல் திரும்பக் கெடைக்காது, அப்டியே கெடக்கும்" என்றாள். அந்த அடுக்கை எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கவும் மனமில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை வரச் சொன்னார்கள். நடுவில் இரண்டு நாள். காலையில் களிமண், சாயங்காலம் வேலூர்க் கோட்டை. முக்காலியில் நீள லென்ஸை மாட்டி, இரண்டு விநாடி டைமர் வைத்து அகழித் தண்ணீரை எடுத்தேன். மதிலை எடுத்தேன். வெயிலில் பாசி காயும் படிக்கட்டை எடுத்தேன். லென்ஸ் அபாரம், கல்லின் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகத் தெரிகிறது. பேட்டரிதான் மகா மோசம், பழைய கேமராவின் ஒரு பேட்டரி இரண்டு கல்யாணத்தைத் தாங்கும், இது ஒரு கோட்டையைக்கூடத் தாங்கவில்லை. சத்தமும் இல்லை. பழையது 'டக்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டபின்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் தோளைத் தளர்த்துவார்கள். இது எடுத்ததா இல்லையா என்று எடுத்தவனுக்கே தெரியாது.

புல்தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கடலைக்காரரிடம் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்று சிரித்தார். டைமரைத் தட்டினேன். முதல் விநாடியில் இருந்த சிரிப்பு இரண்டாவது விநாடியில் இல்லை. மறுபடி, மறுபடி. நாலாவது தடவை, "விடுங்க சார், உங்க மிஷின் சரியில்ல" என்றார். அவர் மிஷினைத்தான் சொன்னார். அன்று ராத்திரி வேலுவுக்கு 'சாவி உனக்குத்தான்' என்று எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை உள்ளே போகும் பஸ்ஸாகக் கேட்டு ஏறினேன். பட்டறை மேசையில் உறை தயாராக இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. பழுப்புத் தோல், நெருக்கமான வெள்ளைத் தையல், பார்த்தால் கடித்துத் தின்னலாம் போல இருந்தது. ஒன்றுக்கு வலது பக்கம் பிடி. இன்னொன்றுக்கு இடது பக்கம்.

"இது எதுக்கு?" என்றேன்.

முனிரத்தினம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. "அய்யய்யோ. மன்னிச்சுக்குங்க சார். கைப் பழக்கம். பேட்டர்ன் அட்டைய எடுத்தா ஒரு தபா இப்டி வச்சி வெட்டுவேன், ஒரு தபா திருப்பிப் போட்டு வெட்டுவேன். முப்பது வருசமா ரைட்டு லெஃப்ட்டு, ரைட்டு லெஃப்ட்டு. ஒத்தையா வெட்ட இந்தக் கைக்குத் தெரியல சார்."

"நீயாவது கேட்டிருக்கலாமே" என்று கஸ்தூரி பக்கம் திரும்பினேன்.

"ரெண்டு குடுத்தாரு, ரெண்டும் தச்சேன். ஒண்ணு மட்டும் குடுத்திருந்தாத்தான் சார் கேட்டிருப்பேன்" என்றாள். மெஷின்கள் எல்லாம் நின்று பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

வலது உறையில் கேமராவைப் பொருத்தினோம். கச்சிதம். பட்டையைப் புறங்கையில் இழுத்துக் கட்டினார் முனிரத்தினம். கேமரா கையோடு ஒட்டிக்கொண்டது, உதறினாலும் விழவில்லை. ஆள்காட்டி விரல் சிவப்புப் பொட்டின்மேல் போய் உட்கார்ந்தது. அழுத்து என்றேன் மனசுக்குள். உட்கார்ந்தே இருந்தது. பல்லைக் கடித்தேன், தோளிலிருந்து தள்ளினேன். கேமரா மொத்தமும் கீழே சரிந்ததே தவிர விரல் மடங்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானமாக இருந்தது. பட்டையை அவிழ்த்து எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, "நல்லாத்தான் தச்சிருக்கீங்க. கைதான் சரியில்ல" என்று சொல்லி வாசலுக்கு வந்துவிட்டேன். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். கிள்ளானில் இழுத்து ஆற்றும் தே தாரிக் மாதிரி நுரை இல்லை, சர்க்கரை ஜாஸ்தி. குடித்தேன். கைப்பேசியை எடுத்து, அனுப்பாமல் வைத்திருந்த வரியைத் திறந்தேன்.

"சார், இங்க வாங்களேன்" என்று கஸ்தூரி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

ஷூ தைப்பவர்கள் எதையும் நேராக வைத்துப் பார்ப்பதில்லை. அடிப்பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம். அவள் என் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து இடது உறைக்குள் வைத்திருந்தாள். "இதுல ஒக்காருது சார், பாருங்க."

உட்கார்ந்திருந்தது. தலை தட்டையான கேமரா, அடி இருக்க வேண்டிய இடத்தில் தலை. கவிழ்த்ததால் பிடி இடது பக்கம் வந்துவிட்டது. உறையின் புடைப்புக்குள் அது சரியாக நுழைந்திருந்தது. லென்ஸ் அரைவட்டத்தில். பேட்டரிக்காக விட்ட சதுர ஓட்டை இருக்கிறதே, அதன் வழியாகச் சிவப்புப் பொட்டு கீழே எட்டிப் பார்த்தது. நான் இடது கையை நுழைத்தேன். முனிரத்தினம் பட்டையை இழுத்துக் கட்டினார். நாலு விரல் முன்னால் பிடித்தது. கட்டைவிரல் தானாகவே கீழே போய்ப் பொட்டின்மேல் நின்றது.

"டயல் கொஞ்சம் ஒரசுது, ஓட்டைய ஒரு நூல் பெருசு பண்ணிடலாம்" என்று முனிரத்தினம் சொன்னது காதில் விழுந்தது. நான் பின்பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி அளவு, எண்கள், எழுத்துகள் எல்லாம் தலைகீழ். ஆனால் திரையில் இருந்த மனிதர்கள் நேராகத்தான் நின்றார்கள்.

ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் முனிரத்தினத்தையும் கஸ்தூரியையும் ஜன்னல் ஓரம் நிற்கச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டார். அவள் அளவு டேப்பைக் கழற்ற மறந்துபோய் நின்றாள், நானும் சொல்லவில்லை. மஞ்சள் சதுரம் ஓடிப்போய் அவள் கண்ணில் உட்கார்ந்தது. பிறகு அவர் கண்ணில். சிரிப்பு வந்த அந்த நொடியிலேயே கட்டைவிரலை அழுத்தினேன். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினேன்.

"எடுத்தாச்சா சார்?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா, இரு" என்றேன்.

அதற்குள் பதினோரு படம் எடுத்திருந்தேன். பொய்தான். ஆனால் இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்று எத்தனை காலம் ஆயிற்று! கேமராவை இறக்கினால் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், நான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிறுத்திவைத்திருந்தேன். கஸ்தூரிக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

வலது உறையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று மேசையில் விட்டேன். முனிரத்தினம் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒத்தைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்? ஜோடியாத்தான் எடுத்துனு போவணும்" என்று பைக்குள் திணித்தார். மறுக்க முடியவில்லை. அந்த இரும்பு அடுக்கில் அது கிடப்பதை நானும் விரும்பவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்து இருக்கை காலி. ஒரு படத்தைக் கைப்பேசிக்கு மாற்றி, நேராகத் திருப்பி, 'சாவி உனக்குத்தான்' என்ற வரியை அழித்துவிட்டு, 'சாவி என்னிடமே இருக்கட்டும்' என்று எழுதி வேலுவுக்கு அனுப்பினேன். பள்ளிகொண்டா தாண்டும்போது பதில் வந்தது.

"சரிண்ணே. படம் ரொம்ப நல்லாருக்கு. யார் எடுத்தது?"

அந்தக் கேள்வியை நாலைந்து தடவை படித்தேன். பிறகு இடது கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்: "நான்தான்."